ஆர். ஜெஸ்வினின் சூரியகாந்தித் தேற்றம்

ரூபி டீச்சருக்குக் கடைசிப் பெயர் என்று ஒன்று கிடையாது. தென்காசியில் யாருக்குத்தான் இருக்கிறது? அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும், பக்கத்தில் ஒரு புள்ளி, பிறகு நம் பெயர். ரேஷன் கார்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் அதுவே போதுமாக இருந்தது. எங்கோ ஒரு நாட்டில் எவனோ ஒருவன் கம்ப்யூட்டரில் படிவம் செய்து, பெயருக்கு இரண்டு கட்டம் போட்டு, இரண்டாவது கட்டத்தின் தலையில் சிவப்பு நட்சத்திரம் வைத்தானே, அன்றைக்குப் பிடித்தது நமக்குச் சனி.

வி. ரூபி. வி என்றால் வேல்சாமி. புளியறை செக்போஸ்டுக்குப் பக்கத்தில் லாரிக்காரர்களுக்குப் புரோட்டா போட்டவர். மகள் பத்தாவதில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய அன்று கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் டீ சும்மா கொடுத்தவர். அந்த மகள் எம்.எஸ்ஸி. முடித்து, தென்காசிக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணக்கு நடத்தப் போனதைப் பார்த்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். கல்லூரியில் அவளை மேடம் என்பார்கள். தெருவில் என்றைக்கும் டீச்சர்தான்.

பிஎச்.டி.க்குப் பகுதி நேரமாகப் பதிந்தாள். பகுதி நேரம் என்றால், பகல் முழுக்கப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு, வீட்டில் உலை வைத்து இறக்கிவிட்டு, மிச்சம் ஏதாவது நேரம் கிடந்தால் அதில் ஆராய்ச்சி செய்வது. அவள் செய்தது எண் சூட்டும் கணிதம். புள்ளிகளும் கோடுகளும் சேர்ந்த உருவம் ஒன்று இருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் வைக்க வேண்டும். வைத்த பிறகு, இரு முனை எண்களைக் கழித்துக் கோடுகளுக்குக் கிடைக்கும் எண்களில் ஒன்றுகூடத் திரும்ப வரக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். கேட்பதற்கு விளையாட்டுப் போல இருக்கும், உட்கார்ந்து பார்த்தால் தலைமுடி கொட்டிவிடும்.

ரூபிக்கு வாய்த்த உருவத்துக்குப் பெயர் சூரியகாந்தி. சுந்தரபாண்டியபுரத்தில் ஜனங்கள் காரை நிறுத்திவிட்டுப் பூத்த வயலுக்கு நடுவில் போய் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களே, அது இல்லை. நடுவில் ஒரு சக்கரம், சுற்றிலும் இதழ்போல முக்கோணங்கள். இரட்டைப்படையில் இதழ் இருந்தால் எண் சூட்டிவிடலாம் என்று முன்பே யாரோ காட்டியிருந்தார்கள். ஒற்றைப்படை இதழ்கள்தாம் யாருக்கும் பிடி கொடுக்காமல் கிடந்தன. அவற்றுக்கு வழி கண்டது ரூபி. வேறு யாரும் இல்லை, அவள் மட்டும். இதை நான் முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் இந்தக் கதையில் இதை நம்பப் போகிறவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

அவள் அந்த வழியைக் கண்ட இடம் குற்றாலத்தில் ஒரு பழக்கடை. கடை அவள் புருஷன் ஜெஸ்வினுடையது. மெயின் அருவிக்குப் போகிற பாதையில் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் என்று குவித்து வைத்திருப்பான். சீசன் வந்துவிட்டால் அவனுக்குச் சாப்பிட நேரம் இருக்காது, சீசன் போய்விட்டால் பேச ஆள் இருக்காது. அன்றைக்கு மலையில் கனத்த மழை. அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை, போலீஸ் கயிறு கட்டிவிட்டார்கள். கூட்டம் இல்லாத கடையில் ரூபி துணைக்கு உட்கார்ந்திருந்தாள். பழம் மடிக்கிற தாளில் கிறுக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று, "வந்துட்டு!" என்று கத்தினாள். யாரோ வாடிக்கைக்காரர்தான் வந்துவிட்டார் என்று ஜெஸ்வின் தராசைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

அதைக் கட்டுரையாக எழுதி வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பியபோதுதான் அந்த நட்சத்திரக் கட்டம் வந்தது. எங்கள் பக்கத்து ஆராய்ச்சிக்காரர்கள் அந்தக் கட்டத்தில் என்னென்னவோ போட்டிருக்கிறார்கள். இனிஷியலைப் போட்டவர் உண்டு, ஊரைப் போட்டவர் உண்டு, தன் பெயரையே இரண்டு தடவை போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியவரும் உண்டு. ரூபி ஜெஸ்வினிடம் கேட்டாள்.

"என்னங்க, கடைசிப் பேருன்னு கேக்குது. விட்டுட்டுப் போனா ஏத்துக்கிட மாட்டேங்குது. என்னத்தப் போட?"

"எம் பேரைப் போடுட்டி. கடைசி வரைக்கும் நாந்தான கூட இருக்கப் போறேன்?"

ரூபி சிரித்துக்கொண்டே தட்டினாள். முதல் பெயர் ரூபி, கடைசிப் பெயர் ஜெஸ்வின். கட்டுரை ஏற்கப்பட்டது, அச்சில் வந்தது. இதழின் பக்கத்தில் ஆசிரியர் பெயர் ஆர். ஜெஸ்வின் என்று இருந்தது. அந்த ஊர் வழக்கப்படி கடைசிப் பெயர்தான் ஆள், முதல் பெயர் வெறும் எழுத்து. அப்போது அவளுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. நல்லா இருந்த காலத்தில் எதுவுமே வேடிக்கைதான்.

அதற்கப்புறம் இருவருக்கும் சரிப்பட்டு வரவில்லை. பெரிய சண்டை என்று சொல்ல ஒன்றும் இல்லை. சீசனில் லீவு போட்டுக் கடைக்கு வா என்பான், இவளுக்குக் கருத்தரங்கு இருக்கும். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தில் உட்கார்ந்துகொண்டு, "என் வீட்டுக்காரி பூவுக்கு நம்பர் போட்டுப் படிக்கா" என்பான். நாலு பேர் சிரிப்பார்கள். சிரித்தவர்களைவிட, சிரிக்க வைத்தவன்மேல்தான் அவளுக்குக் கோபம். ஒரு நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு தென்காசிக்கு அம்மா ஜெபமலர் வீட்டோடு வந்துவிட்டாள். அவனும் வந்து கூப்பிடவில்லை, இவளும் போகவில்லை. கோர்ட்டு, வக்கீல் என்று எதுவும் கிடையாது. கிழிந்த துணியைத் தைக்கவும் செய்யாமல் தூரப் போடவும் செய்யாமல் மடித்து வைப்பதில்லையா, அப்படி வைத்திருந்தார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஜூலையோடு ரூபியின் பதிவுக் காலம் முடிவதாக இருந்தது. நீட்டிப்பும் வாங்கி, அந்த நீட்டிப்புக்கு ஒரு நீட்டிப்பும் வாங்கியாயிற்று. ஜூலை தாண்டினால் இத்தனை வருஷப் படிப்பும் செல்லாது. பட்டம் இல்லாதவர்களை அடுத்த வருஷம் வைத்துக்கொள்ள முடியாது என்று கல்லூரியும் சொல்லிவிட்டது. ஆய்வேட்டை ஒப்படைக்க ஒரு விதி உண்டு: ஆய்வாளர் பெயரில் இரண்டு கட்டுரை வெளிவந்திருக்க வேண்டும். ரூபிக்கு இருந்ததே இரண்டுதான். ஒன்று உள்ளூர்க் கருத்தரங்குத் தொகுப்பில் வி. ரூபி என்று ஒழுங்காக வந்தது. இன்னொன்று சூரியகாந்தி.

ஆய்வேட்டை அவள் லேடெக்ஸில் எழுதினாள். கணக்குக்காரர்களின் தட்டச்சு அது. எழுதுகிறபோது வெறும் கட்டளைகளாகத் தெரியும், ஓட்டிப் பார்த்தால்தான் பக்கம் பக்கமாக அழகாக வரும். மேற்கோள் காட்டிய நூல்களையும் கட்டுரைகளையும் கையால் அடுக்க வேண்டாம், அதற்கென்று தனி மென்பொருள் இருக்கிறது என்று கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் முகம்மது ஆசிக் சொல்லிக் கொடுத்தான். அவளைவிட வயதில் சிறியவன், அக்கா என்று கூப்பிடுவான். கட்டுரையின் எண்ணைக் கொடுத்தால் போதும், ஆசிரியர், தலைப்பு, ஆண்டு எல்லாவற்றையும் மென்பொருளே இதழின் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் சேர்த்து ஒரு கூப்பிடு பெயரும் வைத்துவிடும். ஆய்வேட்டில் எங்கே வேண்டுமோ அங்கே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதான்.

கடைசியில் நூற்பட்டியல் அகர வரிசையில் ஜம்மென்று வந்தது. ரூபி தன் கட்டுரையைத் தேடினாள். ரூபிக்கு உரிய இடத்தில் இல்லை. மேலே ஏறிப் பார்த்தால், ஜெஸ்வின், ஆர்.

"ஆசிக், இது நாந்தாம்ப்பா. இதை மாத்தணும்."

"அதுக்கென்னக்கா, கையால மாத்திருவோம்" என்று அவனும் பெயரை வி. ரூபி என்று திருத்தினான்.

ஓட்டிப் பார்த்தால் ஆய்வேடு முழுக்கக் கேள்விக்குறி. பெயர் மாறியதும் மென்பொருள் கூப்பிடு பெயரையும் தானே மாற்றிவிட்டது. ஆய்வேடு ஜெஸ்வின் ஜெஸ்வின் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, பட்டியலில் அந்தப் பெயரில் ஆள் இல்லை. சூரியகாந்தி வருகிற இடமெல்லாம் ஒரு சதுர அடைப்புக்குறி, நடுவில் ஒரு கேள்விக்குறி. ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து இருவரும் திருத்தினார்கள். தன் பெயர் தன் நூற்பட்டியலில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்த ரூபிக்குக் கண் கலங்கிவிட்டது. பைத்தியக்காரி, அப்போதே அழுது முடித்திருக்கலாம்.

பல்கலைக்கழகத்தில் ஆய்வேடுகளைச் சரிபார்க்கும் பிரிவில் நூருன்னிசா என்று ஒரு அம்மா. நல்ல மனுஷி. நூற்பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இதழின் பக்கத்தையும் திறந்து ஒத்துப் பார்ப்பது அவர் வேலை. சூரியகாந்திக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"மேடம், அங்கன ஆர். ஜெஸ்வின்னு இருக்கு. நீங்க வி. ரூபின்னு போட்டுக் கொண்டாந்திருக்கீங்க."

"அது நாந்தான் மேடம். ஜெஸ்வின் எங்க வீட்டுக்காரர் பேரு."

"நீங்கதான்னு நீங்க சொல்லுதீங்க, நானும் நம்புதேன். ஆனா பாக்கவன் என்ன சொல்லுவான்? அடுத்தவன் பேப்பர்ல பேரை மாத்தித் தன் பேரைப் போட்டுக்கிட்டாங்கன்னுலா சொல்லுவான். அது பெரிய குத்தம் மேடம். பதிவையே ரத்து பண்ணிருவாங்க."

"அப்ப மாத்தாம வச்சிருதேன்."

"மாத்தாம வச்சா அது உங்க பேப்பர் இல்ல. உங்க பேருல ஒண்ணுதான் இருக்கும்."

மாற்றினால் திருட்டு, மாற்றாவிட்டால் அவளுடையதே இல்லை. ஆர். ஜெஸ்வினும் வி. ரூபியும் ஒருவரே என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கித் தரட்டுமா என்று ரூபி கேட்டுப் பார்த்தாள்.

"அஃபிடவிட் வச்சா அது கமிட்டிக்குப் போவும். கமிட்டி எப்பக் கூடும்னு அந்தக் கமிட்டிக்கே தெரியாது" என்றார் நூருன்னிசா. "பேசாம பத்திரிகைக்காரனுக்கே எழுதுங்க. அவன் திருத்திட்டான்னா ஒரு பிரச்சினையும் இல்ல."

ரூபி எழுதினாள். தப்பில்லாத இங்கிலீஷில், ஆசிக்கிடம் காட்டித் திருத்தி, பணிவாக எழுதினாள். இந்தக் கட்டுரையின் ஆசிரியர் வி. ரூபி, அந்தப் பெயர் உங்கள் பக்கத்தில் இல்லை, தயவுசெய்து சேர்க்க வேண்டும். பதில் வர ரொம்ப நாள் ஆயிற்று. வந்த பதிலில் ஒரே இனிப்பு: தங்கள் வேண்டுகோள் நிறைவேற்றப்பட்டது, விடுபட்ட ஆசிரியரின் பெயர் சேர்க்கப்பட்டுவிட்டது, நேர்ந்த தவறுக்கு வருந்துகிறோம்.

மென்பொருள் தன் பாட்டுக்கு இதழின் பக்கத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ரூபியும் ஆசிக்கும் கையால் திருத்தியிருந்ததை அழித்துப் புதிய விவரத்தை எழுதிக்கொண்டது. ஆசிக் திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டான். அப்புறம் ரூபியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

ஆசிரியர்கள்: ஆர். ஜெஸ்வின், வி. ரூபி.

"அக்கா, அவங்க எடுக்கல. சேத்துல்லா இருக்காங்க" என்றான்.

ஒருத்தி இரண்டு பேராகிவிட்டாள். அதிலும் அவள் இரண்டாவது. வழிகாட்டிப் பேராசிரியர் குமரகுருவிடம் ஓடினாள். பழைய பண்ணை வீட்டுப் பிள்ளை, ஓய்வு பெறப் போகிறவர், யாரோடும் எதற்காகவும் மோதாமல் இத்தனை வருஷத்தைக் கடத்தியவர். நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நல்லதாப் போச்சும்மா. உன் பேரு வந்துட்டுல்லா? இது போதும்."

"சார், ஜெஸ்வின்னு ஒரு ஆசிரியரே கிடையாது சார்."

"இல்லாம என்ன? உன் வீட்டுக்காரர் பேரு என்ன?"

"ஜெஸ்வின்."

"அவங்க அப்பா?"

"ராஜமணி."

"அப்ப ஆர். ஜெஸ்வின்தான? ஆதார்ல அப்படித்தான இருக்கும்? மறுபடியும் திருத்துன்னு எழுதினா அவங்க அடுத்த இதழ்லதான் பாப்பாங்க. அது வாரதுக்குள்ள உன் பதிவு போயிரும். கோ-ஆதர்கிட்ட ஆட்சேபணை இல்லன்னு ஒரு கையெழுத்து வாங்கிக் குடுத்திரு. எல்லாரும் செய்யுததுதான்."

பழக்கடைக்காரனைக் கணிதக் கட்டுரைக்கு ஆசிரியன் ஆக்குவது எல்லாரும் செய்வதுதானா என்று ரூபி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆனால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர், காலண்டரில் ஜூலை கரைந்துகொண்டிருந்தது. "சரி சார்" என்று வெளியே வந்தாள். அந்த மனுஷரைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் வேறு வழி தெரியாது.

நூருன்னிசா படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் இன்னொரு கொடுமை. கட்டுரையில் யாருக்கு எத்தனை சதவீதம் பங்கு என்று போட வேண்டும். ஜெஸ்வினுக்குப் பூஜ்யம் போட்டுவிடலாம் என்று ரூபி நினைத்திருந்தாள்.

"பூஜ்யம் போட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்கிடாது மேடம். முதல் பேருக்காரர் பங்கு ரெண்டாவது பேருக்காரர் பங்கைவிடக் கொறயக் கூடாது. கொறஞ்சது பாதி."

"பாதியா?"

"பாதி."

குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தது. சாரல் விட்டுவிட்டுத் தூறியது. தலையில் எண்ணெய் வழிய, தோளில் ஈரத் துண்டோடு ஜனங்கள் பாதையை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். ரூபி குடையை மடக்கிக்கொண்டு கடைக்கு ஓரமாக நின்றாள். ஜெஸ்வின் அவளைப் பார்த்துவிட்டான். பார்த்தும் கை வேலையை விடவில்லை. மங்குஸ்தான் ஒன்றைக் கவிழ்த்து, அடியில் பூப்போலத் தெரியும் வடுவை ஒரு வாடிக்கைக்காரருக்குக் காட்டிக்கொண்டிருந்தான். "எண்ணிக்கோங்க அண்ணாச்சி. அடியில எத்தன இதழோ, உள்ள அத்தன சுளை. ஒண்ணு கூடக் கொறைய இருந்தா பழம் சும்மா." உடைத்துக் காட்டினான், சரியாக இருந்தது. அண்ணாச்சி வாங்கிக்கொண்டு போனார். ரூபி மழையில் நனைந்தபடி தன் முறைக்குக் காத்திருந்தாள். பெண்டாட்டி என்று சொல்லிக்கொண்டு முன்னால் போக முடியுமா இப்போது?

கூட்டம் சற்றுக் குறைந்ததும் அவனே ஸ்டூலை நகர்த்திப் போட்டான். "என்ன விசேஷம்? அத்தைக்கு உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"அம்மா நல்லாத்தான் இருக்கா. ஒரு கையெழுத்து வேணும்."

கையெழுத்து என்றதும் அவன் முகம் மாறியது. கையைத் துடைத்தான். மறுபடியும் துடைத்தான். "முடிவு பண்ணிட்டியா? வக்கீல்ட்ட போய்ட்டியா?"

அப்போதுதான் அவன் என்ன நினைத்துவிட்டான் என்று அவளுக்குப் புரிந்தது. அவசர அவசரமாக, "அய்யோ, அது இல்ல. இது என் படிப்பு விஷயம்" என்றாள். அந்த அவசரம் அவளுக்கே எரிச்சலாக இருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கட்டம், நட்சத்திரம், மென்பொருள், கேள்விக்குறி, சேர்த்துவிட்ட பெயர். அவன் வாயைத் திறந்தபடி கேட்டான்.

"அப்ப நான் கணக்குப் பேப்பர் எழுதியிருக்கேனா?"

"பாதி."

"ஏட்டி, நெசமாவா?" என்றவன் சத்தமாகச் சிரித்தான். பக்கத்துக் கடை சிப்ஸ்காரன் எட்டிப் பார்த்தான். சிரித்து முடித்ததும், "பாதி சரிதான், நம்ம கடையில இருந்துதான கண்டுபிடிச்ச? வாடகைன்னு வச்சுக்கிடுவோம்" என்றான். கேலிதான். முன்பு இருந்த ரூபியாக இருந்தால் அந்த நிமிஷமே திரும்பி நடந்திருப்பாள். இந்த ரூபி படிவத்தைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, நனையாத இடம் பார்த்து விரித்தாள்.

பேனாவை வாங்கியவன் உடனே போடவில்லை. "கையெழுத்துப் போடுததுக்கு முன்ன நான் என்ன எழுதியிருக்கேன்னு தெரிய வேண்டாமா? யாரும் கேட்டா என்ன சொல்ல?"

கேலி என்று நினைத்தாள். கேலி இல்லை, முகம் அப்படி இருந்தது. சுருக்கமாகச் சொன்னாள். இதழ்கள், நடுச் சக்கரம், எத்தனை இதழ் என்று தெரிந்தால் உள்ளே எந்த எண் எங்கே விழும் என்று சொல்லிவிடலாம் என்பது. அவன் யோசித்துவிட்டு ஒரு மங்குஸ்தானைக் கவிழ்த்துக் காட்டினான். "இது மாதிரியா?"

அது மாதிரி இல்லவே இல்லை. விளக்க அவளுக்குத் தெம்பு இல்லை. "ஆமா, அது மாதிரிதான்" என்றாள்.

"இதை நீ முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா" என்று சொல்லிவிட்டு, எழுத்துக் கூட்டி, நிதானமாக, ஆர். ஜெஸ்வின் என்று கையெழுத்துப் போட்டான். எத்தனை தடவை சொல்ல வந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. நன்றி என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால், "வைவா வரும்போது சொல்லுதேன், வாங்க" என்று பேச்சுக்குச் சொல்லிவிட்டு நடந்தாள். ஒரு பை மங்குஸ்தானைக் கையில் திணித்து அனுப்பினான்.

ஆய்வேடு ஜூலையிலேயே உள்ளே போய்விட்டது. நூற்பட்டியலில் சூரியகாந்தி ஜெஸ்வினின் இடத்தில்தான் இருந்தது. வி. ரூபி அதற்குப் பின்னால் ஒரு கமாவுக்கு அப்புறம் நின்றாள். ஆசிக் கடைசித் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு கேள்விக்குறி கூட இல்லக்கா" என்றான்.

தை மாதம் வைவா, பட்டத்துக்கு முந்தைய வாய்மொழித் தேர்வு. எங்கள் பக்கத்தில் வைவா என்றால் பாதித் தேர்வு, பாதிக் கல்யாணம். ஆய்வாளர் பட்டுப் புடவை கட்டி வர வேண்டும், வீட்டார் வந்து முன் வரிசையில் உட்கார வேண்டும், முடிந்ததும் எல்லாருக்கும் சாப்பாடு. ஜெபமலர் புதுச் சேலையில் வந்திருந்தார். ரூபி யாருக்கும் தனியாகச் சொல்லவில்லை. இருந்தும் பின் கதவு திறந்து, வெள்ளைச் சட்டையும் கையில் நேந்திரங்காய் சிப்ஸ் மூட்டையுமாக ஜெஸ்வின் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். பேச்சுக்குச் சொன்னதை அவன் நிஜமாகவே எடுத்துக்கொண்டு, கல்லூரிக்குப் போன் போட்டுத் தேதி விசாரித்திருக்கிறான்.

வெளியிலிருந்து தேர்வாளராக வந்தவர் லோகநாயகி என்ற பேராசிரியை. கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். கேட்ட கேள்விக்கெல்லாம் ரூபி தயங்காமல் பதில் சொன்னாள். கடைசியில் அவர் சூரியகாந்தி அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"இந்த ஆய்வேட்டில் இதுதான் உசிர். மற்றதெல்லாம் பலரும் செய்யக்கூடியது, இது அப்படி இல்லை. ஒற்றைப்படை இதழுக்கு இப்படி ஒரு வழி இருக்கும்னு எனக்குத் தோன்றியதே இல்லை." ரூபிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷத்தில் யாரும் அந்தத் தேற்றத்தைப் பற்றி அவளிடம் இப்படிப் பேசியது கிடையாது. லோகநாயகி நூற்பட்டியலைப் புரட்டினார். "முதல் ஆசிரியர் ஆர். ஜெஸ்வின். யார் இவர்? எந்தப் பல்கலைக்கழகம்?"

குமரகுரு தொண்டையைச் செருமினார். ரூபி குமரகுருவைப் பார்த்தாள். முன் வரிசையிலிருந்த ஜெபமலர்தான், விவரம் தெரியாமல், மருமகன் வந்திருக்கிற பெருமையில் பின்னால் கையைக் காட்டினார். "அந்தா இருக்காகம்மா, எங்க மருமகன்."

அரங்கமே திரும்பியது. ஜெஸ்வின் எழுந்து நின்றான்.

"நீங்கதானா? வாங்க, வாங்க" என்றார் லோகநாயகி. "எப்படி வந்தது இந்த யோசனை?"

ஜெஸ்வின் ரூபியைப் பார்த்தான். இந்த இடத்தில் அவனுக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும், ஏனென்றால் அவன் உண்மையைச் சொன்னான். "மேடம், எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. எல்லாம் அவ செஞ்சது. நான் கையெழுத்துதான் போட்டேன்."

குமரகுருவின் முகத்தில் ரத்தம் இல்லை. அவன் சொன்னதை நம்பிவிட மாட்டார்களா என்று ரூபியின் ஒரு மனம் தவித்தது. நம்பிவிட்டால் படிவம் பொய், ஆய்வேடு போயிற்று, வேலை போயிற்று என்று இன்னொரு மனம் பதறியது. எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

லோகநாயகி சிரித்தார். "பாருங்க. இவ்வளவு பெரிய வேலை செஞ்சிட்டு எப்படிப் பேசறார்! இந்தக் காலத்தில் எந்த ஆம்பிளை மனைவிக்கு இப்படி விட்டுக்கொடுப்பான்?"

"இல்ல மேடம், நெசமாத்தான். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மங்குஸ்தான் மட்டுந்தான். அடியில எத்தன இதழோ, உள்ள அத்தன சுளை. நான் பழம் விக்கேன் மேடம்."

லோகநாயகி கண்ணாடியைக் கழற்றினார். "வெளியே இருக்கிற இதழை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்வது. அங்கே இருந்துதான் இது வந்திருக்கு! இயற்கையைப் பார்த்துப் பார்த்து வந்த கணிதம். இதைத்தான் நாங்க பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போறோம்" என்று எழுந்து கை தட்டினார். குமரகுரு, போன உயிர் திரும்பி வந்தவர்போல, அவரைவிடப் பலமாகத் தட்டினார். ஆசிக் ரூபியைப் பார்த்தான், பிறகு குனிந்துகொண்டு தட்டினான். கடைசியில் எல்லாரும் தட்டினார்கள். ரூபியும் தட்டினாள். தட்டாமல் எப்படி இருப்பது? ஜெஸ்வின் மட்டும் கை தட்டவில்லை. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைபோல அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறோம் என்று அறிவித்தார்கள். ஜெபமலர் அழுதார். மாலை வந்தது, படம் எடுத்தார்கள், நடுவில் ஜெஸ்வினையும் இழுத்து நிறுத்தினார்கள். படம் எடுத்து முடித்ததும் லோகநாயகி ரூபியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உண்மையான அன்போடுதான் பிடித்தார், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

"ரூபி, ஒரு பெண்ணாகச் சொல்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நல்ல மனுஷன் கிடைச்சிருக்கார், அதுக்காக எல்லாத்துக்கும் அவரையே நம்பி இருக்கக் கூடாது. அடுத்த கட்டுரையாவது நீங்களா யோசிச்சு, உங்க பேர் முன்னால வர்ற மாதிரி எழுதுங்க."

"சரி மேடம்" என்றாள் டாக்டர் ரூபி.